கரண்ட் போய் வந்தபின் டேட்டாபேஸ் எழவில்லை: ஐபிடேட்டா1-ஐ அழிக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் ஆச்சி ஒருவர் நடத்தும் பலகாரக் கடையின் பில்லிங் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணே. விண்டோஸ் கம்ப்யூட்டர், சாம்ப் என்ற இலவச சர்வர் தொகுப்பு, அதோடு வரும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். நேற்று மத்தியானம் கரண்ட் போய் வந்ததிலிருந்து மைஎஸ்கியூஎல் எழவில்லை. ஸ்டார்ட் அழுத்தினால் ஒரு நொடி பச்சையாகிறது, உடனே "மைஎஸ்கியூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி" என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. ஐபிடேட்டா1 ஃபைலை அழித்தால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அழிக்கலாமா? ஆவணி முகூர்த்த ஆர்டரும் அட்வான்ஸ் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. கையில் இருக்கும் பேக்கப் மூன்று மாதம் பழையது.

பதில்:

அழிக்க வேண்டாம் தம்பி. ஸ்டார்ட் பட்டனையும் இனி அழுத்தாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆர்டரும் கணக்கும் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். இந்த மாதிரி கேஸ்களில் கரண்ட் போனதால் டேட்டா போனதைவிட, அதைச் சரி பண்ணப் போய் டேட்டா போனதுதான் அதிகம்.

முதலில் கடை ஓட வேண்டும். ஆச்சியிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, பழைய பில் நம்பரோடு கலக்காத மாதிரி "கை-1" என்று ஆரம்பித்து எழுதச் சொல்லுங்கள். தேதி, பெயர், போன் நம்பர், என்ன பலகாரம், எத்தனை கிலோ, அட்வான்ஸ் எவ்வளவு, என்றைக்கு வேண்டும். அவ்வளவு போதும். அவர்கள் நோட்டில் பழகியவர்கள்தான், சங்கடப்பட மாட்டார்கள். பில் நின்றுவிட்டதே என்ற அவசரம் உங்கள் தலையில் இல்லாமல் இருந்தால்தான் அடுத்த வேலையை நிதானமாகச் செய்யமுடியும்.

அடுத்தது காப்பி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து "மைஎஸ்கியூஎல்டி" என்ற பெயரில் (டேட்டாபேஸ் சர்வரின் பெயர் அது) எதுவும் ஓடவில்லை என்று பாருங்கள். ஓடவில்லை என்றால், சாம்ப் ஃபோல்டருக்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் டேட்டா என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக, ஒரு ஃபைல்கூட விடாமல், வேறு டிஸ்குக்கு காப்பி எடுங்கள். பென்டிரைவ் என்றாலும் சரி, எக்ஸ்டெர்னல் டிஸ்க் என்றாலும் சரி. அதே சி டிரைவில் பக்கத்தில் ஒரு காப்பி போட்டு வைப்பது கணக்கில் சேராது. எடுத்த பிறகு இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து, ஃபைல் எண்ணிக்கையும் மொத்த சைஸும் ஒன்றா என்று பாருங்கள். இந்தக் காப்பிக்குத் தேதி போட்டு "தொடாதே" என்று பெயர் வையுங்கள். இனி என்ன சோதனை செய்தாலும், தப்பாகப் போனால் திரும்ப வர ஓர் இடம் இருக்கிறது.

காப்பி எடுக்கும்போதே "சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று விண்டோஸ் மறுத்தால், அது டேட்டாபேஸ் பிரச்சினை இல்லை, டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்தி மெஷினை ஆஃப் பண்ணுங்கள். டிஸ்கை வேறு மெஷினில் மாட்டி, முழு டிஸ்கையும் இமேஜ் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி. செக்டிஸ்க் ஓட்டிப் பார்ப்போமே என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்கில் அது இருக்கிற கொஞ்ச உயிரையும் வாங்கிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு. ஐபிடேட்டா1 என்பது ஏதோ தற்காலிக ஃபைல் இல்லை. நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்துக் கணக்கு முறையைத் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நடந்த வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் போடுவார்கள். அப்புறம் அதிலிருந்து பார்த்து, அவரவர் பெயருக்கு உரிய பக்கத்தில் பேரேட்டில் எடுத்தெழுதுவார்கள். மைஎஸ்கியூஎல்-க்குள் டேட்டாவை எழுதிப் படிக்கும் எஞ்சினான இன்னோடிபி செய்வதும் அதேதான். நீங்கள் ஒரு பில்லை சேவ் பண்ணியதும் அது முதலில் ஐபி_லாக்ஃபைல்0, ஐபி_லாக்ஃபைல்1 என்ற குறிப்பேட்டுக்குப் போகிறது. டிஸ்கில் எழுதியாகிவிட்டது என்று உறுதியான பிறகுதான் "சேவ் ஆயிற்று" என்று உங்கள் புரோகிராமுக்குப் பதில் வருகிறது. ஒவ்வொரு டேபிளுக்கும் உரிய ஐபிடி ஃபைல்தான் பேரேடு. அதில் எடுத்தெழுதுவது பின்னால் மெதுவாக நடக்கும். எந்த டேபிள் எந்த ஃபைலில் இருக்கிறது என்ற பெயர்ப் பட்டியலும், பாதியில் நின்ற வேலையைத் திருப்பி எடுப்பதற்கான பழைய விவரங்களும் இருக்கும் இடம் ஐபிடேட்டா1. பேரேடுகளை வைத்துக்கொண்டு பெயர்ப் பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்கிறது அந்த வீடியோ.

பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால் என்ன செய்வார்கள்? விளக்கு வந்ததும் குறிப்பேட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதி முடிப்பார்கள். சர்வர் எழும்போதும் கடைசி செக்பாயின்டிலிருந்து, அதாவது எதுவரை பேரேட்டில் ஏறியது என்று குறித்த இடத்திலிருந்து, லாக்கைப் படித்து, டேட்டா ஃபைலில் ஏறாததை ஏற்றுகிறது. கமிட் ஆகாத, அதாவது சேவ் முடியாமல் நின்ற வேலையைத் திருப்பி எடுக்கிறது. 16 கிலோபைட் பக்கம் ஒன்று பாதி எழுதி நின்றுபோயிருந்தால், அதற்கென்று டபுள்ரைட் என்ற இடத்தில் முன்பே எழுதி வைத்த முழுப் பக்கத்தை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. அதாவது கரண்ட் போவதை எதிர்பார்த்தே செய்த ஏற்பாடு இது. வெறும் கரண்ட் கட்டுக்கு இன்னோடிபி படுத்துக்கொள்ளக் கூடாது. படுத்துவிட்டது என்றால் வேறு ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது. அது என்ன என்று லாக் சொல்லும்.

லாக் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஐபி_லாக்ஃபைல் என்ற பெயரைப் பார்த்து, ஏதோ பழைய பதிவுதானே என்று அழித்து இடம் காலி பண்ணுகிறவர்கள் உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸிலும் இதே தலைவலி. அங்கே இந்தக் குறிப்பேடு இருந்த ஃபோல்டரின் பெயரில் லாக் என்ற சொல் இருந்ததாலேயே பலர் அழித்துத் தொலைத்தார்கள். கடைசியில் 2017-ல் வந்த 10-ம் பதிப்பில் பெயரையே பிஜி_வால் என்று மாற்ற வேண்டியதாயிற்று. படிக்க வேண்டிய லாக் வேறு, தொடக் கூடாத லாக் வேறு.

படிக்க வேண்டியது அதே டேட்டா ஃபோல்டரில் மைஎஸ்கியூஎல்_எர்ரர் என்ற பெயரில் இருக்கும். சாம்ப் பேனலில் மைஎஸ்கியூஎல் வரிசையில் உள்ள லாக்ஸ் பட்டனை அழுத்தினாலும் வரும். பேனலில் சிவப்பாக வரும் அந்த நீளமான செய்தியைப் பொருட்படுத்தாதீர்கள். போர்ட் அடைப்பாக இருக்கலாம், பர்மிஷனாக இருக்கலாம், கிராஷாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவைக்கும் பொதுச் செய்தி அது. எந்தக் கோளாறுக்கும் அதேதான் வரும்.

லாக்கைத் திறந்ததும் எல்லோரும் கடைசி வரியைப் பார்ப்பார்கள். அதில் "அபார்ட்டிங்" என்று இருக்கும். அது விளைவு. நீங்கள் கீழிருந்து மேலே போய், கடைசியாக ஸ்டார்ட் அழுத்திய நேரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே இறங்குங்கள். "எர்ரர்" என்று சதுர அடைப்புக்குள் முதலில் வரும் வரிதான் காரணம். அதற்கு அடுத்து வரும் நாலைந்து எர்ரரும் பெரும்பாலும் அந்த முதல் எர்ரரின் பிள்ளைகள். "நோட்" என்று வருபவை வெறும் செய்தி. அவற்றில் "கிராஷ் ரிகவரி" என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மேலே சொன்ன குறிப்பேட்டு வேலையை ஆரம்பிக்கிறேன் என்கிறது, நல்ல செய்திதான்.

லாக்கில் என்ன இருக்கக்கூடும் என்று பார்ப்போம்.

"பைண்ட் ஆன் டிசிபி/ஐபி போர்ட்" என்றும், 3306 என்ற போர்ட்டில் (சர்வர் பேசும் வாசல் எண்) ஏற்கெனவே இன்னொரு சர்வர் ஓடுகிறதா என்றும் கேட்டால், சந்தோஷப்படுங்கள், டேட்டாவுக்கு ஒன்றும் இல்லை. வேறு ஏதோ மென்பொருள் தன்னுடைய மைஎஸ்கியூஎல்-ஐ சர்வீஸாகப் போட்டிருக்கும். மெஷின் ரீஸ்டார்ட் ஆனதும் அது முந்திக்கொண்டு போர்ட்டைப் பிடித்துவிட்டது. கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்து சுவிட்சோடு கொடுத்தால், 3306-க்கு நேரே ஒரு ப்ராசஸ் எண் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் அந்த எண் யாருடையது என்று பார்த்து, சர்வீசஸில் அதை நிறுத்தினால் முடிந்தது. சாம்பின் போர்ட்டை 3307 ஆக்குவதும் ஒரு வழி, ஆனால் பில்லிங் புரோகிராமிலும் மாற்ற வேண்டும், அது எங்கே எழுதியிருக்கிறது என்று தேடி நேரம் போகும்.

"ஆப்பரேட்டிங் சிஸ்டம் எர்ரர் நம்பர் 32" என்றால் வேறு ஏதோ அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆன்டிவைரஸ், பேக்கப் மென்பொருள், அல்லது சாகாமல் பின்னால் ஓடும் பழைய மைஎஸ்கியூஎல்டி. மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணி, ஆன்டிவைரஸில் டேட்டா ஃபோல்டருக்கு விலக்குக் கொடுங்கள். டிஸ்கில் இடம் இல்லை என்று வந்தால் வழி தெளிவு, ஆனால் இடம் காலி பண்ணும்போது டேட்டா ஃபோல்டருக்குள் கை வைக்காதீர்கள். டவுன்லோட்ஸிலும் டெம்ப் ஃபோல்டரிலும் தாராளமாக இருக்கும்.

லாக்கில் புதிதாக ஒரு வரிகூட ஏறவில்லை என்றால், சர்வர் லாக் எழுதும் அளவுக்கே வரவில்லை. பெரும்பாலும் மைஎஸ்கியூஎல்-இன் அமைப்பு விவரங்கள் இருக்கும் மை.ஐஎன்ஐ ஃபைலில் தப்பு. கமாண்ட் பிராம்ப்டில் சாம்பின் மைஎஸ்கியூஎல் பின் ஃபோல்டருக்குப் போய், மைஎஸ்கியூஎல்டி-ஐ அந்த மை.ஐஎன்ஐ-ஐ டிஃபால்ட்ஸ்-ஃபைலாகக் காட்டி, கன்சோல் என்ற சுவிட்சோடு ஓட்டுங்கள். திரையிலேயே காரணத்தைக் கொட்டும். "அன்நோன் வேரியபிள்" என்றால் யாரோ தப்பான வரி சேர்த்திருக்கிறார்கள். முதல் வரியிலேயே "குரூப் இல்லாமல் ஆப்ஷன்" என்ற மாதிரி முறையிட்டால், நோட்பேடில் சேவ் பண்ணும்போது ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பாம் (எந்த என்கோடிங் என்று காட்டும் அடையாளம்) பைட்டுகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். என்கோடிங்கை மாற்றி, பாம் இல்லாமல் சேவ் பண்ணினால் போய்விடும்.

இவை எல்லாம் சில்லறை. உங்கள் கேஸில் நான் எதிர்பார்ப்பது வேறு.

சாம்ப் பேனலில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும், 2015 அக்டோபரிலிருந்து அதற்குள் இருப்பது மரியாடிபி, மைஎஸ்கியூஎல்-இலிருந்து பிரிந்து வந்த டேட்டாபேஸ். மரியாடிபி 10.4-லிருந்து யூசர், பாஸ்வேர்ட், பர்மிஷன் இருக்கும் சிஸ்டம் டேபிள்கள் ஏரியா என்ற வேறு எஞ்சினில் இருக்கின்றன. ஆச்சியின் பில்கள் இன்னோடிபி-யில் பத்திரமாக இருக்கும்போதே, வாசல் காவலாளியான ஏரியா மட்டும் கரண்ட் கட்டில் அடிபடுவது இந்த சாம்பில் ரொம்ப சகஜம். அடையாளம் இரண்டு விதம். ஒன்று, "ஏரியா ரிகவரி ஃபெயில்ட்" என்று லாக்கே சொல்லும், ஏரியா_சிஎச்கே என்ற ரிப்பேர் கருவியை ஓட்டி, ஏரியா_லாக் ஃபைல்களை எடுத்துவிடு என்று மருந்தும் அதே வரியில் எழுதியிருக்கும். இன்னொன்று, இன்னோடிபி நன்றாக எழுந்து, "சர்வர் சாக்கெட் கிரியேட்டட்" என்ற வரி வரை வந்து, அதற்கப்புறம் சத்தமே இல்லாமல் நின்றுபோகும். எர்ரர் என்று ஒரு வார்த்தைகூட இருக்காது. ஒரு நொடி பச்சையாகி அணைகிறது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு இந்த இரண்டாவதுதான் ஞாபகம் வந்தது.

முதல் விதம் என்றால், ஏரியா_லாக்_கன்ட்ரோல் என்ற ஃபைலையும், ஏரியா_லாக் என்று தொடங்கி எண்ணில் முடியும் ஃபைலையும் டேட்டா ஃபோல்டரிலிருந்து வெளியே நகர்த்துங்கள். அழிக்காமல் நகர்த்துங்கள். பிறகு டேட்டாவுக்குள் இருக்கும் மைஎஸ்கியூஎல் என்ற ஃபோல்டரில் எம்ஏஐ என்று முடியும் ஃபைல்கள் மேல் ஏரியா_சிஎச்கே-ஐ ரிப்பேர் சுவிட்சோடு ஓட்டி, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்கள். பல சமயம் இவ்வளவிலேயே எழுந்துவிடும். இதே சலுகையை ஐபி_லாக்ஃபைல்களுக்கும் கொடுத்துவிடாதீர்கள், பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது உங்கள் பில்.

இரண்டாவது விதம் என்றால், சாம்ப் தன்னோடு கொண்டுவரும் ஒரு ஃபோல்டர் கை கொடுக்கும். மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் டேட்டாவுக்குப் பக்கத்திலேயே பேக்கப் என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து ஆச்சியின் டேட்டா அதில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சாம்ப் இன்ஸ்டால் ஆன அன்றைக்கு இருந்த வெறும் டேட்டா ஃபோல்டரின் நகல் அது. நமக்கு வேண்டியது அதிலுள்ள அடிபடாத சிஸ்டம் டேபிள்கள். டேட்டா ஃபோல்டரின் பெயரை டேட்டா_பழசு என்று மாற்றுங்கள். பேக்கப் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பிக்கு டேட்டா என்று பெயர் கொடுங்கள். இப்போது பழசிலிருந்து உங்கள் பில்லிங் டேட்டாபேஸின் ஃபோல்டரை இதற்குள் கொண்டுவாருங்கள். மைஎஸ்கியூஎல், பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் என்ற பெயர்களில் உள்ள ஃபோல்டர்களைக் கொண்டுவராதீர்கள். கடைசியாக ஐபிடேட்டா1-ஐயும், இரண்டு ஐபி_லாக்ஃபைல்களையும் பழசிலிருந்து எடுத்து, புதிதில் இருப்பவற்றின் மேல் போடுங்கள்.

இந்தக் கடைசி வரியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இணையத்தில் சுற்றும் குறிப்புகளில் ஐபிடேட்டா1 மட்டும் போதும் என்று இருக்கும். அந்த மூன்று ஃபைலும் ஒரே நாளைய கணக்கு. ஒன்றை மட்டும் பழசிலிருந்தும் மற்றதைப் புதிதிலிருந்தும் வைத்தால், "லாக் சீக்வன்ஸ் நம்பர் எதிர்காலத்தில் இருக்கிறது" என்று இன்னோடிபி லாக்கில் புலம்பும். கரண்ட் போவதற்குச் சற்று முன் ஏறிய பில்கள் குறிப்பேட்டில் மட்டும் இருந்திருந்தால் அவையும் போய்விடும். மூன்றும் ஒன்றாகவே போக வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணுங்கள். எழுந்ததும் பில்லிங் புரோகிராமைத் திறந்தால் "ஆக்சஸ் டினைடு" என்று வரலாம். வந்தால் கலங்க வேண்டாம், நாம் புது சிஸ்டம் டேபிள் வைத்ததால் பழைய யூசர் இல்லாமல் போயிருக்கிறார். பிஎச்பிமைஅட்மினில் (சாம்போடு வரும், டேட்டாபேஸைப் பிரவுசரில் பார்க்கும் கருவி) அதே பெயர், அதே பாஸ்வேர்டில் யூசரை உண்டாக்கி, அந்த டேட்டாபேஸுக்கு உரிமை கொடுங்கள். ஸ்டோர்டு ப்ரொசீஜர், ஈவென்ட் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அவையும் சிஸ்டம் டேபிளில்தான் இருந்தன. உங்கள் சோர்ஸ் ஃபோல்டரிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

இதற்கும் எழாமல், லாக்கில் "டேட்டாபேஸ் பேஜ் கரப்ஷன்" என்று ஒரு குறிப்பிட்ட டேபிளின் பெயரோடு வந்தால், அடி இன்னோடிபி-யிலேயே பட்டிருக்கிறது. அதற்கு மை.ஐஎன்ஐ-இல் மைஎஸ்கியூஎல்டி பகுதிக்குக் கீழே இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரிகவரி = 1 என்று ஒரு வரி சேர்த்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். எழவில்லை என்றால் 2, அப்புறம் 3. மூன்று வரை ஓரளவு பயமில்லை, கெட்ட பக்கங்களில் இருந்தது மட்டும் போகும். 4-லிருந்து 6 வரை டேட்டா ஃபைலையே நிரந்தரமாகக் கெடுக்கும் சக்தி உண்டு. 6 என்பது குறிப்பேட்டைப் பார்க்காமலே எழு என்று சொல்வது. அங்கே போவதானால் "தொடாதே" காப்பியின் இன்னொரு நகலில், வேறு மெஷினில் மட்டும் போங்கள்.

எந்த எண்ணில் எழுந்தாலும் அந்த நிலையில் கடையை ஓட்டக் கூடாது. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதற்கான நேரம் அது. டேட்டாவை டெக்ஸ்ட் ஃபைலாக எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியை வைத்து டேபிள் டேபிளாக எடுங்கள். கெட்ட டேபிளில் வந்ததும் சர்வர் விழும், அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள், கடைசியில் அந்த ஒன்றை மட்டும் பில் நம்பர் வரம்பு போட்டு, கெட்ட பக்கத்துக்கு முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் என்று பிடுங்கலாம். எல்லாம் எடுத்தபின் புது டேட்டா ஃபோல்டரில், ஃபோர்ஸ் ரிகவரி வரியை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

ஐபிடேட்டா1-ஐ அழித்துவிட்ட கேஸ் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆசை அப்போதுதான் விடும். புதுவயலில் ஒரு அரிசி ஆலை. அங்கே இருந்த பையன் இதே மாதிரி வீடியோ பார்த்து, அதையும் ஐபி_லாக்ஃபைல்களையும் சேர்த்து அழித்தான். சர்வர் எழுந்தது, பேனலில் பச்சை. பிஎச்பிமைஅட்மினில் இடது பக்கம் எல்லா டேபிளும் வரிசையாகத் தெரிந்தன. எதை கிளிக் பண்ணினாலும் 1932 எர்ரர், டேபிள் எஞ்சினில் இல்லை என்று. பட்டியலில் பெயர் தெரிந்தது, டேபிளின் அமைப்பு மட்டும் இருக்கும் எஃப்ஆர்எம் ஃபைல்களால். எஞ்சினின் பெயர்ப் பட்டியல் அழிந்துபோயிருந்தது. நல்லவேளையாக ஐபிடி ஃபைல்களை அவன் தொடவில்லை. ஒவ்வொரு டேபிளையும் அதே அமைப்பில் புது டேட்டாபேஸில் உண்டாக்கி, டிஸ்கார்டு டேபிள்ஸ்பேஸ் கொடுத்து, பழைய ஐபிடி ஃபைலை அங்கே வைத்து, இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ் கொடுத்து என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருந்தது. டேபிள் அமைப்பு எழுதிய ஃபைல் புரோகிராமரிடம் இருந்ததால் பிழைத்தார்கள். கடைசியாக நடந்த கொள்முதல் சில, குறிப்பேட்டோடு போயே போய்விட்டன. எடைச் சீட்டைத் தேடி எடுத்துக் கையால் ஏற்றினார்கள்.

சரி, உங்கள் சர்வர் எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே நோட்டிலிருந்து கை பில்களை ஏற்ற உட்காராதீர்கள். முதலில் முழு டம்ப் ஒன்று எடுங்கள். அது ஒவ்வொரு டேபிளையும் தலை முதல் கால் வரை படிப்பதால், பிழையில்லாமல் முடிந்தால் டேட்டா படிக்கும் நிலையில் இருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி. அடுத்து, கரண்ட் போனபோது கடைசியாக அச்சான பில்லின் நகலைக் கல்லாவில் தேடி எடுத்து, அந்த நம்பர் டேட்டாபேஸில் இருக்கிறதா, தொகை ஒன்றா என்று ஒப்பிடுங்கள். இருந்தால் எல்லாம் இருக்கிறது. முகூர்த்த ஆர்டரில் இரண்டு மூன்றை எடுத்து, மணகோலம் எத்தனை கிலோ, அட்வான்ஸ் எவ்வளவு என்று ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள். மெஷினைவிட அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

இனி ஏன் இப்படி ஆயிற்று என்பது. சாம்ப் பேனலில் ஸ்டார்ட் அழுத்தி ஓட்டும் சர்வர் ஒரு சாதாரண புரோகிராம்தான். சாயங்காலம் யாராவது பேனலில் ஸ்டாப் பண்ணாமல் விண்டோஸை ஷட்டவுன் கொடுத்தால், அதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது போல விண்டோஸ் முடித்துவிடும். கரண்ட் கட் இல்லாத நாளிலும் தினம் ஒரு சின்ன கரண்ட் கட் நடக்கிறது என்று அர்த்தம். பேனலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மைஎஸ்கியூஎல் வரிசையின் இடது ஓரத்தில் உள்ள சர்வீஸ் பெட்டியை டிக் பண்ணி, சர்வீஸாக ஆக்கிவிடுங்கள். ஷட்டவுன் கொடுக்கும்போது ஒழுங்காக மூடிக்கொள்ள அதற்கு அவகாசம் கிடைக்கும். உண்மையைச் சொன்னால், சாம்ப் என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் சோதனை செய்து பார்க்கத் தந்த பொட்டலம். ரூட்டுக்குப் பாஸ்வேர்டுகூட இல்லாமல் வரும். தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரக் கடைசியில், மரியாடிபி-யைத் தனியாக இன்ஸ்டால் செய்து டேட்டாவை மாற்றிவிடுவது நல்லது.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்கின் ப்ராப்பர்ட்டீஸ், அதில் பாலிசீஸ் பக்கத்தைப் பாருங்கள். ரைட்-கேஷ் பஃபர் ஃப்ளஷிங்கை நிறுத்து என்று இரண்டாவதாக ஒரு பெட்டி இருக்கும். வேகம் கூடும் என்று அதை டிக் பண்ணி வைத்திருப்பார்கள். அது இருந்தால், எழுதிவிட்டேன் என்று டிஸ்க் சொல்வதையே நம்பமுடியாது. குறிப்பேடு முதலில் பேரேடு பிறகு என்ற வரிசை அங்கே உடைந்துபோகிறது. டிக்கை எடுத்துவிடுங்கள். மை.ஐஎன்ஐ-இல் இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் 1 ஆகத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2 அல்லது 0 என்று மாற்றியிருந்தால் கரண்ட் போகும்போது கடைசி ஒரு நொடி பில் போகலாம்.

அப்புறம் கம்ப்யூட்டர் எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். பலகாரக் கடையில் பின்கட்டில் மாவு அரைக்கும் மெஷினும் மாவு பிசையும் மெஷினும் ஓடும். அதே லைனில் கம்ப்யூட்டர் இருந்தால், மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் ஒரு முக்கு முக்கும். ஊரில் கரண்ட் போகாமலே மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். கல்லாவுக்கு அடியில் சிபியு-வைத் திறந்தால் ஃபேன் இறக்கையில் மாவும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து பிசின் மாதிரி அப்பியிருக்கும், ஊதினால் போகாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா பாருங்கள். மற்ற மோடில் மாறும் நேரம் அதிகம், ஃபேனும் லைட்டும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. சின்ன யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்கி, அதன் யுஎஸ்பி கேபிளைச் செருகி, பேட்டரி இறங்கும்போது விண்டோஸ் தானே ஷட்டவுன் ஆகும்படி வைப்பது இன்னும் நல்லது. அந்த கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும் நாட்களில், கரண்ட் போகும் முன் கையாலேயே மூடிவிடச் சொல்லுங்கள்.

பேக்கப்புக்கு ஒரு பேட்ச் ஃபைல் போதும். மைஎஸ்கியூஎல்டம்ப், அதில் சிங்கிள்-டிரான்சாக்‌ஷன், ரொட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் என்ற மூன்று சுவிட்சுகள், ஃபைல் பெயரில் அன்றைய தேதி. டாஸ்க் ஷெட்யூலரில் கடை சாத்துவதற்கு அரை மணி முன்னால் ஓடும்படி வையுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது, ஒவ்வொரு ஃபைலும் ஒவ்வொரு நொடியில் எடுத்ததாக இருக்கும். இரண்டு பென்டிரைவ், மாற்றி மாற்றி, ஒன்று எப்போதும் ஆச்சியின் வீட்டில். ஃபைல் சைஸைக் கண்ணால் பாருங்கள். தேவகோட்டையில் ஒரு கடையில் தினமும் பேக்கப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தேதி வாரியாக அழகாக அடுக்கியும் இருந்தது, எல்லாம் 0 கிலோபைட். பாஸ்வேர்டை மாற்றியவர்கள் பேட்ச் ஃபைலில் மாற்ற மறந்திருந்தார்கள். அதனால் மாதம் ஒருமுறை அந்த டம்பை உங்கள் லேப்டாப்பில் ஏற்றி, கடைசி பில் நம்பர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு: காப்பி எடுங்கள், லாக்கைத் திறங்கள். நான் சொன்ன எதிலும் சேராத வரி ஏதாவது இருந்தால், கடைசி ஸ்டார்ட்டிலிருந்து "அபார்ட்டிங்" வரை உள்ளதை டெக்ஸ்டாக அப்படியே எழுதி அனுப்புங்கள். திரையைப் போட்டோ பிடித்து அனுப்ப வேண்டாம், முதல் எர்ரர் எப்போதும் போட்டோவுக்கு மேலே வெட்டுப்பட்டுத்தான் வரும். சாம்ப் எந்த வெர்ஷன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.